வாய்க்காலிலிருந்து தலைக்காவிரி வரை: கம்ப்யூட்டரில் ஒரு பள்ளிச் சுற்றுலா

பள்ளிச் சுற்றுலா என்றால் பஸ், புளிசாதப் பொட்டலம், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணும் ஆசிரியர் என்றுதான் நமக்குத் தெரியும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றுலா அழைத்துச் செல்லலாம். இதனை விர்ச்சுவல் ஃபீல்டு ட்ரிப் என்கிறார்கள். பஸ் வாடகை இல்லை. ஆனால் திட்டமிடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம்.

என் அக்கா மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. "கம்ப்யூட்டர் வேலையிலதானே இருக்கே, பிள்ளைங்களுக்கு ஏதாவது காட்டேன்டா" என்று ஒரு முறை கூப்பிட்டாள். லேப்டாப்பை எடுத்துக் கொண்டு போனேன். கூகுள் எர்த் புரோகிராமைத் திறந்து முதலில் அவர்கள் ஊர், பிறகு தாஜ்மஹால், எகிப்து பிரமிட், ஈபிள் கோபுரம், அண்டார்டிகா என்று முக்கால் மணி நேரத்தில் உலகையே சுற்றிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "நேத்து என்ன பார்த்தீங்கன்னு கேட்டேன். எங்க வீட்டு ஓடு தெரிஞ்சுது டீச்சர்ங்கறாங்க. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்."

யோசித்துப் பார்த்தால் தவறு பிள்ளைகளுடையது அல்ல. முப்பது இடங்களைக் காட்டினேன். ஏன் காட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது முறை போவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தயார் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்கள் மட்டும் அல்ல, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோரும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை மானிட்டர் முன் உட்கார வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் கேள்வி, பிறகு இடம்

எந்த ஊரைக் காட்டலாம் என்று தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஏற்கனவே பாதி தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். டெல்டா கிராமங்களில் டிவி செய்தியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்லும்போது வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. "120 அடி" என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த எண். ஆனால் மேட்டூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஆகவே எங்கள் கேள்வி இதுதான்: பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி கிடைத்ததும் இடங்கள் தாமாக வந்து வரிசையில் நின்றன. பள்ளி, கல்லணை, முக்கொம்பு, மேட்டூர், தலைக்காவிரி. ஐந்தே இடங்கள். ஒகேனக்கல்லையும் மைசூரு அருகே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையையும் பறந்து போகும் வழியில் பெயர் சொல்லிக் காட்டினால் போதும். நாற்பது நிமிட வகுப்புக்கு இதற்கு மேல் தாங்காது. ஆறாவது இடத்தைச் சேர்க்கத் தோன்றும்; சேர்க்காதீர்கள்.

புரோகிராமைத் தயார் செய்தல்

கூகுள் எர்த் 2005ஆம் ஆண்டு வெளியானது. கீஹோல் என்ற நிறுவனத்தை 2004இல் கூகுள் வாங்கியபோது கூடவே வந்த புரோகிராம்தான் இதன் அடிப்படை. இப்போது பிரவுசரிலேயே இயங்கும் கூகுள் எர்த் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் பதிந்து பயன்படுத்தும் கூகுள் எர்த் ப்ரோவும் உண்டு. ப்ரோவுக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 399 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2015 முதல் இலவசம். இந்தச் சுற்றுலாவுக்கு நான் பயன்படுத்தியது ப்ரோ. கூகுளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் கிடைப்பதோடு வேண்டாத புரோகிராம்களும் ஒட்டிக் கொண்டு வரலாம்.

திறந்ததும் ‘ஆட்’ மெனுவில் ‘ஃபோல்டர்’ என்பதைக் கிளிக் செய்து, "நம் வாய்க்கால்" என்று பெயர் கொடுங்கள். யூனிகோடில் தட்டினால் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இனி இடது மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் ஒவ்வோர் ஊரின் பெயரையும் கொடுத்து என்டர் தட்டவும். அந்த இடத்திற்குப் பறந்து செல்லும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் சரியான இடம்தானா என்று பார்த்துக் கொள்ளுங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அருகில் அல்லது தூரத்தில் போகலாம். ஷிஃப்ட் கீயை அழுத்திக் கொண்டு உருட்டினால் காட்சி சாய்ந்து, மலை மலையாகவே எழுந்து நிற்கும். எங்காவது தலைகீழாக மாட்டிக் கொண்டால் ‘ஆர்’ எழுத்தைத் தட்டுங்கள், நேராகிவிடும்.

காட்சி திருப்தியாக வந்ததும் ‘ஆட்’ மெனுவில் ‘பிளேஸ்மார்க்’ தேர்ந்தெடுக்கவும். ஒரு மஞ்சள் குண்டூசி தோன்றும். அதை இழுத்துச் சரியான இடத்தில் குத்தி, "1. நம் பள்ளி" என்பது போல எண்ணோடு பெயர் கொடுத்து ஓகே செய்திடுங்கள். வகுப்பில் அந்தப் பெயரின் மீது டபுள் கிளிக் செய்தால், நீங்கள் வைத்த அதே கோணத்தில் போய் நிற்கும். பிள்ளைகள் முன்னால் தேடல் கட்டத்தில் தட்டித் தடவிக் கொண்டிருந்தால், அதற்குள் பின் பெஞ்சில் வேறு சுற்றுலா தொடங்கிவிடும்.

இடது பக்கம் கீழே ‘லேயர்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஊர்ப் பெயர்கள், நில மேடு பள்ளம் தவிர மற்றவற்றின் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். திரை சுத்தமாக இருக்கும். வேகம் குறைந்த இணைப்பிலும் ஓடும்.

எண்ணை எழுதச் சொல்லுங்கள்

வெறுமனே பார்த்துக் கொண்டிருந்தால் அது சினிமா. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு தாள் இருக்கட்டும். எங்கள் தாளில் ஐந்து கட்டங்கள் மட்டுமே இருந்தன. கூகுள் எர்த் ப்ரோவில் மவுஸை எங்கே வைக்கிறோமோ, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று திரையின் அடியில் காட்டும். அது அடிக்கணக்கில் வந்தால் ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’ சென்று மீட்டருக்கு மாற்றிக் கொள்ளலாம். பள்ளியில் பத்து, பதினைந்து மீட்டர். கல்லணையில் அறுபதை ஒட்டி. மேட்டூரில் இருநூறுக்கு மேல். கர்நாடகத்தின் குடகு மலையில் உள்ள தலைக்காவிரியில் ஆயிரத்து இருநூறையும் தாண்டிவிடுகிறது. எழுதி முடித்ததும் ஒரு பையன், "எல்லாம் இறக்கமா இருக்கு சார், அதான் தண்ணி தானா வருது" என்றான். நான் சொல்லித் தர வைத்திருந்த வரியை அவனே சொல்லிவிட்டான். கல்லணையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து இறக்கம் அறுபது மீட்டர்தான் என்றதும் அக்காவே தாளை வாங்கிப் பார்த்தாள்.

அடுத்த கேள்விக்கு நான் தயாராக இல்லை. "மேட்டூர் 120 அடின்னு டிவியில சொல்றாங்க, இங்க வேற எண் வருதே?" நல்ல கேள்வி. 120 அடி என்பது அணையின் உள்ளே அடிமட்டத்திலிருந்து அளப்பது. திரையில் வருவது கடல் மட்டத்திலிருந்து அளப்பது. மொட்டை மாடியில் நிற்பவனின் உயரத்தை அவன் காலிலிருந்தும் அளக்கலாம், தெருவிலிருந்தும் அளக்கலாம் என்று சொல்லிப் புரிய வைத்தேன்.

கல்லணையில் மட்டும் அவசரப்படாதீர்கள். இங்கே நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிவது மேலிருந்து பார்த்தால் கை விரல் போலத் தெரியும். நம் ஊர்த் தண்ணீர் எந்த விரலில் வருகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னோம். பத்து நிமிடம் ஆனது. முக்கொம்புக்கு மூன்று நிமிடம் போதுமானதாக இருந்தது.

தண்ணீர் எங்கே சார்?

இதைப் பெரியவர்களும் தெரிந்து கொள்ள வேண்டும். கல்லணைக்கு மேலே போனபோது திரையில் ஆறு முழுக்க மணல். பிள்ளைகள் பதறிவிட்டார்கள். "ஆத்துல தண்ணியே இல்லையே!" கூகுள் எர்த்தில் தெரிவது இந்த நிமிடத்துக் காட்சி அல்ல. செயற்கைக்கோளும் விமானமும் என்றோ எடுத்த படங்களை ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் படங்களே வேறு வேறு மாதத்தில் எடுத்தவையாக இருக்கலாம். எடுத்த தேதி திரையின் அடியில் இருக்கும். அதைப் படிக்கப் பழக்கினால், இன்டர்நெட்டில் பார்ப்பதெல்லாம் இன்றைய படம் என்று நம்பும் பழக்கம் சிறு வயதிலேயே போகும்.

மேலே உள்ள டூல் பாரில் கடிகாரப் படம் போட்ட ஒரு பட்டன் உண்டு. அதைக் கிளிக் செய்தால் ஒரு கோடு தோன்றும். அதில் உள்ள குமிழை நகர்த்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் வரும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர் நன்றாகக் குறையும் ஆண்டுகளில், அணைக்குள் மூழ்கிய பண்ணவாடி பக்கம் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். இதைச் சொல்லிவிட்டு நீர் நிறைந்த படத்தையும் வற்றிய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் மாதம் கொள்ளிடம் கதவணையின் ஒரு பகுதி வெள்ளத்தில் உடைந்ததையும் முன், பின் படங்களில் தேடிப் பார்க்கலாம். எந்தத் தேதிப் படம் தெளிவாக உள்ளது என்று முதல் நாளே பார்த்துக் குறித்து வையுங்கள். பல தேதிகளில் மேகம்தான் இருக்கும்.

இணைப்பு போனால்?

போகும். எங்களுக்கும் மேட்டூரில் வைத்துப் போனது. செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி நாற்பது பிள்ளைகள் முன் நிற்கக் கூடாது. கூகுள் எர்த் ப்ரோ, பார்த்த இடங்களின் படங்களைக் கம்ப்யூட்டரிலேயே கொஞ்சம் சேமித்து வைத்துக் கொள்ளும். எனவே முதல் நாள் இரவு நல்ல இணைப்பில் ஐந்து இடங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுங்கள். அதையும் முழுதாக நம்பாமல் ‘ஃபைல்’ மெனுவில் ‘சேவ்’ சென்று, ‘சேவ் இமேஜ்’ மூலம் ஒவ்வொரு காட்சியையும் படமாக டெஸ்க்டாப்பில் வைத்துக் கொள்ளவும். மேட்டூரை எங்கள் பிள்ளைகள் பாதி இப்படித்தான் பார்த்தார்கள். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும்.

குறித்து வைத்த ஃபோல்டரின் மீது ரைட் கிளிக் செய்து ‘சேவ் பிளேஸ் ஆஸ்’ கொடுத்தால் கேஎம்இசட் என்ற ஒரு சிறிய ஃபைல் கிடைக்கும். அதை மெயிலில் வேறு ஆசிரியருக்கு அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரிலும் அதே குண்டூசிகள் வந்து நிற்கும். அக்கா அடுத்த ஊர் ஆசிரியைக்கு அப்படித்தான் அனுப்பினாள்.

தலைக்காவிரி முடிந்து லேப்டாப்பை மூடப் போனேன். ஒரு பெண் எழுந்து, "நம்ம ஊரைத் தாண்டி ஆறு எங்க சார் போகுது?" என்றாள். அதற்கு நான் குண்டூசி குத்தி வைத்திருக்கவில்லை. மவுஸை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரு முறை ஆற்றை விட்டு ரோட்டில் போய்விட்டாள்; மற்றவர்கள் கத்தித் திருப்பினார்கள். கடைசியில் பூம்புகாரில் கடல் வந்தது. அங்கே காவிரி ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. "இவ்வளவுதானா?" என்றாள். "மீதி எங்கே போச்சு?" என்று அக்கா வகுப்பைப் பார்த்துக் கேட்டாள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வயலைக் காட்டினார்கள்.