இழுக்கும் சக்கரமும் நிறுத்தும் சக்கரமும்

திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவெள்ளறை. 'அறை' என்றால் பாறை. வெண்பாறைக் குன்றின்மேல் கோயில் அமைந்திருப்பதால் ஊருக்கு இப்பெயர். மழை ஓய்ந்த நாளில் அக்கோயிற் படிகளில் செல்வோரைக் கவனியுங்கள். ஏறும்போது விரல்களை ஊன்றி எப்படியோ ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் பக்கத்தில் பிடிமானம் தேடுவார்கள். இந்தச் சிறு காட்சியில் ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கிறது.

அவ்வூரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், ஓர் ஐப்பசி மாதத்தில் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தார். வீட்டில் வண்டி வாங்கப்போகிறார்கள். நெல்மூட்டையும் உரமும் ஏற்றுவதற்கு நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வண்டி வேண்டும் என்கிறார் தந்தை. நாள்தோறும் திருச்சிக்கு வேலைக்குச் செல்லும் அண்ணனோ ஹைப்ரிட் கார் கேட்கிறார். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் மழைக்குப் பத்திரம்னு அப்பா சொல்றாங்க. சரிதானா சார்?" என்று கேட்டார் மாணவர். விடையை நாமே கணக்கிட்டுப் பார்ப்போமா?

சேற்றில் நடப்பது என்ன?

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது; ஆனால் வண்டியை முன்னே தள்ளுவது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு விசையே. அந்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும்.

வண்டியின் எடை 20,000 நியூட்டன் என்றும், அதில் பாதி பின்சக்கரங்களின் மேல் விழுகிறது என்றும் கொள்வோம். சேற்றில் உராய்வுக் கெழு 0.3 என்க. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கினால் கிடைக்கும் உந்துவிசை 10,000 × 0.3 = 3,000 நியூட்டன். சேறு தடுக்கும் விசை 4,000 நியூட்டன் என்றால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கினால் முழு எடையும் பயன்படும். உந்துவிசை 6,000 நியூட்டன் ஆகிவிடும், வண்டி கரையேறும். வயற்பாதையைப் பொறுத்தவரை தந்தை சொல்வது முற்றிலும் சரியே.

நிறுத்தும்போது?

இனி வண்டியைத் தார்ச்சாலைக்குக் கொண்டு வருவோம். குறுக்கே ஒரு மாடு வருகிறது, பிரேக்கை மிதிக்கிறோம். இங்கே ஒன்றை மறக்கலாகாது. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே, நான்கு சக்கர இயக்கத்தால் நிற்கும் தூரம் ஓர் அடிகூடக் குறைவதில்லை.

பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம், திசைவேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தில் நிறை இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கனமான வண்டியில் நிறுத்த வேண்டிய ஆற்றல் அதிகம்; உராய்வும் அதே அளவில் அதிகம். இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். காய்ந்த சாலையில் கெழு 0.7 எனக் கொண்டால் வண்டி நிற்க 20 மீட்டர் ஆகும். நனைந்த சாலையில் 0.4 என்றால் 35 மீட்டர். டயர் தேய்ந்து, கெழு 0.25 ஆகக் குறைந்தால் 56 மீட்டர்! மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் ஓடும் 17 மீட்டரை இவற்றோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதே நனைந்த சாலையில், நல்ல டயரோடு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், பிரேக் பிடித்தபின் 15 மீட்டரில் நின்றுவிடலாம்.

நான்கு சக்கர இயக்கத்தில் ஓர் அபாயம் மறைந்திருப்பது இப்போது புரியும். வழுக்கும் சாலையிலும் அது வண்டியை எளிதாக வேகமெடுக்கச் செய்யும். ஓட்டுபவர் சாலை நன்றாக இருப்பதாக எண்ணிவிடுவார். உண்மை தெரிவது பிரேக்கை மிதிக்கும்போதுதான். கோயிற் படியின் கதையும் இதுவே.

ஹைப்ரிட் தரும் நன்மை

ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உண்டு. டொயோட்டா நிறுவனம் 1997இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரியஸ்' இவ்வகையில் புகழ்பெற்றது. வேகம் குறைக்கும்போது மோட்டார், மின்னாக்கியாக மாறி இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கிறது. 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். சாதாரணக் காரில் இது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகி வீணாகும். நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் ஹைப்ரிட் எரிபொருளை மிச்சப்படுத்துவது இதனால்தான். ஆனால் டயரின் பிடியை இதுவும் கூட்டித் தருவதில்லை.

குளிர்நாடுகள் கற்ற பாடம்

பனிக்கட்டி உறைந்த சாலையில் உராய்வுக் கெழு 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 140 மீட்டர் வேண்டும். தமிழர்களும் வாழும் கனடாவின் கியூபெக் மாநிலம், குளிர்காலத்தில் அதற்கென்றே செய்த டயர்களைக் கார்கள் அணிய வேண்டும் என்று 2008 முதல் சட்டப்படி கட்டாயமாக்கியது. குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பரால் ஆன டயர்கள் அவை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

நமக்குப் பனி இல்லை, மழை உண்டு. டயரின் வரிப்பள்ளங்கள் சாலை நீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். அவை தேய்ந்தால், வேகத்தில் டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆனதும் உள்ளேயிருக்கும் சிறு மேடுகள் வெளித்தெரியும். டயரை மாற்றுவதற்கான அடையாளம் அது.

அந்த அடையாளத்தைப் பார்த்தும் "அடுத்த மாதம் மாற்றலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான். ஒரு கார்த்திகை மாலை, தூறலில், முன்னே சென்ற லாரி சட்டென நின்றது. மிதித்தேன், கார் சறுக்கிக்கொண்டே போயிற்று. லாரிக்கு ஒரு முழம் முன்னே நின்றது. பின்னிருக்கையில் என் மகள் இருந்தாள். இயற்பியல் கற்பிப்பவன் என்பதற்காக உராய்வு எனக்குச் சலுகை தரவில்லை.

வழக்கின் முடிவு

வயற்பாதை ஆண்டில் எத்தனை நாள் சேறாகும், தார்ச்சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று எழுதிப் பார்க்கும்படி மாணவரிடம் சொன்னேன். சேற்று நாட்கள் சில வாரங்களே. அண்ணனின் பயணமோ, போக வர 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர்! சேற்று நாட்களில் மூட்டைக்கு வாடகை டிராக்டர், சாலைக்கு ஹைப்ரிட் என்று வீட்டில் முடிவாயிற்று. கணக்கு வேறாக இருந்திருந்தால் பிக்கப்பே வென்றிருக்கும். தந்தை ஒரு நிபந்தனை மட்டும் விதித்தாராம்: டயர் தேய்ந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். பழைய டயர்த் துண்டு ஒன்றை ஒரு பலகைமேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் கெழு. பிறகு பலகையை நனைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். இரு கோணங்களையும் குறித்துக்கொண்டு, வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் காட்டுங்கள்.