சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பகல்

ஐரோப்பிய நகரொன்றை ஒரு நாளேனும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய மாணவர் பலரின் விருப்பம். அவ்விருப்பம் தவறன்று. ஆயினும் டச்சு வணிகர் வாழ்ந்து, வாணிகம் செய்து, மடிந்து அடங்கிய ஊரொன்று செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருப்பதைப் பலர் அறியார். பயணம் செய்து, முன் வாழ்ந்தோர் நிலையை எண்ணிப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் அறிவுறுத்துகின்றது. அதற்கு இவ்வழியில் ஒரு பகற்பொழுதே போதும்.

குன்றின் மேல்

செங்கற்பட்டிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்கையில் திருக்கழுக்குன்றம் எதிர்ப்படுகின்றது. அம்மலையில் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை. 17ஆம் நூற்றாண்டில் அதனைக் காண வந்த டச்சுக்காரர் சிலர் தம் பெயர்களைக் கல்லில் கீறி வைத்துள்ளனர். அவர்களும் நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணியரே! சுற்றுலாத் தலங்களில் நம் இளைஞர் சிலர் இன்று செய்யும் பிழையை அவர்கள் அன்றே செய்துவிட்டனர்.

கோட்டையின் உள்ளே

அங்கிருந்து கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தை அடைகிறோம். ஐரோப்பியர் நாவில் இப்பெயர் 'சத்ராஸ்' எனக் குறுகியது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி இங்குச் செங்கல்லால் கோட்டை எழுப்பியது.

அவர்களை இங்கு ஈர்த்தது எது? நம் நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணியே. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க, சோழமண்டலக் கரைத் துணி பணத்திற்கு நிகராக விளங்கியது. டச்சுக்காரர் வருமுன்னரே நம் மரக்காயர் கீழைக் கடல் வாணிகத்தில் கைதேர்ந்திருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கும்பினி முன்பணம் கொடுக்கும். உள்நாட்டு வணிகர் வழியாக அது தறிக்குச் செல்லும். துணி கோட்டைக் கிடங்கில் சேரும். இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இன்மையால் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து பொதிகளைக் கொண்டு சேர்க்கும்.

1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வூரில்தான் அமைதிப் பேச்சு நடத்தினர். டச்சுக்காரர் ஊர் இருவருக்கும் பொதுவிடமாயிற்று. பின்னர் 1781இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இக்கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. 1818இல் டச்சுக்காரரிடம் மீண்ட ஊர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று எஞ்சியிருப்பவை மதில்களும், கிடங்குகளும், ஒரு கல்லறைத் தோட்டமும். குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் செதுக்கிய 17, 18ஆம் நூற்றாண்டுக் கற்கள் அங்குக் கிடக்கின்றன. தொலைநாட்டிலிருந்து வந்து மாண்டோரின் பெயரை அவை இன்றும் சொல்கின்றன. ஆனால் எந்தத் துணிக்காக அவர்கள் வந்தனரோ, அதனை நெய்தவர் பெயர் சொல்லும் கல் ஒன்றையும் அங்கு நாம் காணவில்லை.

பூஞ்சேரிப் பாறை

பிற்பகலில் வடக்கே திரும்பினால் மாமல்லபுரம். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற அச்சிற்பங்களைக் காண்போர் பலர். அருகிலுள்ள பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. அதனைக் காண்போர் சிலரே. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன் முதலான தச்சர் பெயர்கள் பழைய எழுத்தில் அப்பாறையில் உள்ளன. உளி பிடித்தவனுக்கும் பெயர் உண்டு என்று கல்லே சான்று பகர்கின்றது.

நாம் செய்யத்தக்கது

இந்த ஒரு நாளில் மூவகைப் பெயர்களைக் கண்டோம்: பிறர் கலையின்மேல் கீறிய பெயர், உறவினர் பொறித்த பெயர், உழைப்பாளர் பெயர். நான்காவதாக இருக்க வேண்டிய நெசவாளர் பெயர் மட்டும் இல்லை.

எனவே, மாணவர்களே! கல்லில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். நம் வட்டாரத்தில் தறியில் அமர்ந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் தறி உறுப்புகளின் பெயர், துணி வகைகளின் பெயர், அவர்தம் பாட்டன் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். தமிழ்த்துறை மாணவர்க்கு இதனினும் தக்க களப்பணி வேறில்லை. காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு அவர்கள் இரார்.