கம்பி மாறினாலும் கருவி மாறாது

விடுதி அறையில் அமர்ந்தபடியே நூலகத்தின் நூற்பட்டியலைப் புரட்டுகிறோம். ஊருக்குச் செய்தி அனுப்புகிறோம். இவை எவ்வழியே செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது ரூட்டர் என்னும் கருவி. அதன் போர்ட்டில், அதாவது கம்பி வந்து சேரும் வாயிலில், சுண்டுவிரல் அளவுள்ள அடாப்டர் ஒன்று செருகப்பட்டிருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

அதன் தொழில் யாது? ரூட்டருக்குள் ஓடுபவை மின்குறிகள். வெளியே செல்லும் பாதையோ செப்புக் கம்பியாகவும் இருக்கலாம். கண்ணாடி இழையாகவும் இருக்கலாம். குறிகளைப் பாதைக்கு ஏற்ப மாற்றி அனுப்புவதும், வருபவற்றை ரூட்டருக்கு ஏற்ற மின்குறிகளாக்கித் தருவதுமே அடாப்டரின் வேலை.

இதை ரூட்டருக்குள்ளேயே நிலையாகப் பொருத்திவிட்டால் என்ன? இதற்கு வரலாறே விடை கூறும். 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டைத் திட்டமிட்டார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். அன்று செய்தி சென்றது கோஆக்சியல் கம்பியில். 1990இல் முறுக்கிய செப்புக் கம்பிக்கான தரம் வகுக்கப்பட்டது. அக்காலத்து ரூட்டர்கள் பலவற்றில் 15 ஊசி போர்ட் இருந்தது. பழைய கம்பிக்குரிய அடாப்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். பாதை மாறிற்று, ரூட்டர் அப்படியே பணி செய்தது.

அந்த எண்ணத்தின் வாரிசுதான் 2001இல் வரையறுக்கப்பட்ட எஸ்.எஃப்.பி. என்னும் அடாப்டர். ரூட்டரை நிறுத்தாமலே இதை மாற்றலாம். வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில், செப்புக் கம்பிக்குரிய அடாப்டர் 100 மீட்டர் வரை பயன்படும். பல்முறை இழைக்குரியது 550 மீட்டர் வரையும், ஒருமுறை இழைக்குரிய ஒரு வகை 10 கிலோமீட்டர் வரையும் செல்லும். விடுதிக்கும் கணினி மையத்துக்கும் இடையே கண்ணாடி இழை ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

வாங்குவோர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. இழையின் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அடாப்டர்களே இருக்கவேண்டும். 850 நானோமீட்டர் ஒளியை அனுப்புவதும் 1310 நானோமீட்டர் ஒளியை அனுப்புவதும் இணையா. அடுத்து, சில நிறுவனங்களின் ரூட்டர்கள் அடாப்டரிலுள்ள அடையாளத்தைப் படித்துப் பார்த்து, பிறர் தயாரித்ததை ஏற்க மறுக்கும். இவற்றோடு ஓர் எச்சரிக்கை: இழையின் முனையை ஒருபோதும் உற்றுநோக்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

இணைப்பு அறுந்தால் ரூட்டரே பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. சிறு பொருளை மாற்றிப் பெரும் பொருளைக் காக்கும் சிக்கனம், நம் கல்விக்கூடங்களுக்கு மிகவும் தேவையன்றோ?