பெயரைக் கேட்காத சுவர்

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபின், மீட்புக் குழுவினர் வீடு வீடாகச் சென்று சுவர்களில் பெருக்கல் குறியொன்றைத் தீட்டினர். குறியின் மேலே தேதி, ஒருபுறம் குழுவின் அடையாளம், மறுபுறம் உள்ளிருக்கும் ஆபத்து, கீழே உயிரோடும் பிணமாகவும் காணப்பட்டோரின் எண்ணிக்கை. ஒரு குடும்பத்தின் துயரம் இன்னொருவர் கையால், வெறும் எண்ணாகத் தெருவுக்கு வந்தது.

2011 பிப்ரவரியில் அந்நகரின் மரினி பகுதியில் வேறொரு சுவர் எழுந்தது. தமக்குத் தாயைப் போன்றிருந்த ஒருவரை இழந்த துயரிலிருந்த கலைஞர் கேண்டி சாங், கைவிடப்பட்ட வீடொன்றின் பக்கவாட்டைக் கரும்பலகையாக்கினார். சாவதற்கு முன் நான் செய்ய விரும்புவது என்ன என்பதை நிரப்பும்படி, முற்றுப்பெறாத ஒரே வாக்கியத்தை வரிவரியாகப் பதித்துச் சுண்ணக்கட்டிகளை வைத்தார். மறுநாளே சுவர் நிறைந்துவிட்டது. பல இலட்சம் பேர் முன் பாட வேண்டும் என்றார் ஒருவர். மரம் நட வேண்டும் என்றார் மற்றொருவர். இன்னும் ஒரேயொரு முறை அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிச் சென்றார் வேறொருவர். யார் என்று எவரும் கேட்கவில்லை.

இந்தப் பெயரின்மையே படைப்பின் உயிர் என்பர். பெயரைச் சொன்னதும் பிறப்பு தெரிந்துவிடும் சமூகத்தில் வாழும் நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் மறைந்தாலும் உடல் மறைவதில்லை. எழுதுபவர் பட்டப்பகலில், தெருவின் கண்முன் நிற்கிறார். எங்கு நின்றாலும் ஐயத்தோடு பார்க்கப்படும் மனிதருக்கு அங்கே சற்று நின்று யோசிப்பதே எளிதன்று. கறுப்பின இளைஞர்கள் அமெரிக்கத் தெருக்களில் நன்கறிந்த பார்வை அது. ஊர்த்தெருவில் நின்றதற்கே விசாரிக்கப்பட்டவர்களும் அதை அறிவர்.

2012இல் லாஸ் வேகாஸில் சாங் அமைத்த 'ஒப்புதல் வாக்குமூலங்கள்' இந்த வகையில் ஒரு படி முன்னே சென்றது. திரையிட்ட சிற்றறைக்குள் சென்று மரப்பலகையில் எழுதித் தந்தால் போதும். பின்னர் அது சுவரில் தொங்கும். எழுதிய சொல் எல்லோருக்கும் தெரியும், எழுதும் உடல் தெரியாது. எனினும் அச்சுவர் இருந்தது ஒரு சொகுசு விடுதிக்குள். அதன் வாசலைத் தயக்கமின்றிக் கடப்போர் யார் என்பது தனிக்கேள்வி.

வர முடியாதவர்களின் கணக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள் ஒரு இலட்சத்திற்கும் மேல் குறைந்திருந்தனர். வெள்ளத்தில் வெளியேற்றப்பட்டுத் திரும்ப இயலாமற் போனவர்கள் அவர்களுள் ஏராளம். மரினிச் சுவர் நிரம்பியபோது அவர்கள் வேறு ஊர்களில் இருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் சுவர்களில் அந்தப் பெருக்கல் குறிகள் அப்போதும் பல இடங்களில் அழியாமல் இருந்தன.

இச்சுவரை எவரும் அமைத்துக்கொள்ளும் வகையில் செய்முறையைச் சாங் வெளியிட்டார். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது மீண்டும் எழுந்தது. கல்லூரி வளாகங்களுக்கும் ஏற்ற வடிவம் அது. கரும்பூச்சும் சுண்ணக்கட்டியும் மலிவாகவே கிடைக்கும். இடத்தைத் தெரிவு செய்வதுதான் கடினம்: முதன்மை வாயிலிலா, விடுதியின் பின்புறத்திலா, துப்புரவுப் பணியாளர்கள் அமரும் நிழலிலா?