ஓட்டம் நின்றது, கால் நிற்கவில்லை!

வேலைப் பளுவால் வாடுவோரைப் பார்த்திருக்கிறோம். வேலையே இல்லையே என்று கலங்குவோரை நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால், வேலையும் இருக்கிறது, சம்பளமும் ஒழுங்காக வருகிறது, மாலை 6 மணிக்கு வீடு திரும்பவும் முடிகிறது, அதற்காக ஒருவர் வருந்துகிறார் என்றால் நம்புவீர்களா?

“கொழுப்பு!” என்பீர்கள். பொறுங்கள் தோழர்களே! அந்த வருத்தத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தோம். உழைக்கும் மக்கள் அனைவருக்கும் உரிய வழக்கொன்று அங்கே புதைந்து கிடக்கிறது.

நமது நண்பர் ஒருவர், ஓவியர். சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவர். இப்போது சோப்புக் கம்பெனி ஒன்றின் சொந்த விளம்பரப் பகுதியில் அமர்ந்திருக்கிறார். வருந்துகிறவர் அவர்தான்.

ஏஜென்சி என்பது என்ன? அது சோப்புக் காய்ச்சுவதில்லை, துணி நெய்வதில்லை. பிறர் செய்த சோப்புக்கும் துணிக்கும் படமும் பேச்சும் தயாரித்து விற்கிறது. முன்பு, பத்திரிகையில் இடம் பிடித்துத் தந்ததற்கு நூற்றுக்கு 15 என்று கிடைத்த தரகே அதற்குப் பெருவருவாய். பின்னர் பல இடங்களில் ஆளின் நேரத்துக்கே விலை போட்டார்கள். எந்தக் கம்பெனிக்கு எத்தனை மணி உழைத்தோம் என்று டைம்ஷீட்டில் எழுதித் தரவேண்டும். காலையில் பற்பசை, நண்பகலில் வங்கி, மாலையில் மின்விசிறி, இரவு 11 மணிக்கு, “நாளைக் காலை வேண்டும்” என்று தொலைபேசி!

கல்யாண மாதத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் அச்சகத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். தீபாவளிக்கு முந்திய வாரம் தையற்கடையில் காஜா எடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அந்த ஒரு வாரம் 11 ஆண்டுகள் நீண்டால் எப்படியிருக்கும்? அப்படி ஓடியவர் நமது நண்பர்.

புதிய இடத்தில் அவரிடம் ஒரு சோப்பு உறைக்குப் படம் கேட்டார்கள். 10 நாள் தவணை. 2 நாளில் முடித்துக் கொண்டுபோய் நீட்டினார். “வைத்துவிட்டுப் போங்கள் சார், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார் மேலாளர். படம் விற்பனைப் பகுதிக்குப் போயிற்று, சட்டப் பகுதிக்குப் போயிற்று, ஆலைக்குப் போயிற்று, கணக்கர் மேசையிலும் படுத்து எழுந்தது. 3 வாரம் கழித்துத் திரும்பி வந்தது. “எடையைக் குறிக்கும் எழுத்து சற்றுப் பெரிதாகட்டும்!” அவ்வளவுதான்.

நண்பருக்கு உள்ளம் கொதித்தது. இரவு 2 மணிக்கு விழிப்பு வரும், கை தானாகத் தொலைபேசியைத் தேடும், யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். வழியில் கண்ட பழைய கூட்டாளி, “என்னப்பா, பென்ஷன் வாங்கப் போய்விட்டாயா?” என்று கேலி பேசினார். “நான் மழுங்கிக்கொண்டு வருகிறேன், பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன்” என்றார் நண்பர் நம்மிடம்.

ஓட்டம் நின்றுவிட்டது, கால் நிற்கவில்லை!

நாம் ஒரு கேள்வி கேட்டோம். அந்த வேகம் யாருடைய வேகம்?

1899ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெத்லகேம் இரும்பாலை. இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியில் ஏற்றும் வேலை. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிவந்தார்கள். பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் வந்தார். எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்று ஆணையிட்டு, 47 டன் ஏற்றவைத்ததாக 1911இல் வெளியிட்ட நூலில் அவரே பெருமையோடு எழுதினார். கூலி என்ன ஆயிற்று? 1 டாலர் 15 சென்ட், 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. வேலை ஏறக்குறைய 4 மடங்கு. கூலி உயர்வோ நூற்றுக்கு 60! வேகத்தின் விளைச்சலில் பெரும்பங்கு யார் களஞ்சியத்துக்குப் போயிற்று என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

அது சுமை தூக்கும் வேலை, தூரிகை பிடிப்போருக்குப் பொருந்தாது என்பார்கள் சிலர். ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே டென்ட்சு, நாட்டிலேயே மிகப் பெரிய விளம்பர ஏஜென்சி. 2015 டிசம்பரில் அதன் பெண் ஊழியர் ஒருவர், வயது 24, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அளவு கடந்த வேலையே காரணம் என்று 2016இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஏற்றது. அதன் பிறகுதான் இரவு 10 மணிக்கு அலுவலக விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு வந்தது. 2017இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 இலட்சம் யென். உழைத்துச் சாவதற்கென்றே ‘கரோஷி’ என்று ஒரு சொல் உண்டு அந்த மொழியில். சொல் பிறக்கவேண்டுமானால் எத்தனை சாவு நிகழ்ந்திருக்கவேண்டும், எண்ணிப் பாருங்கள்!

ஆகவே நண்பரே, இரவு 2 மணிக்கு உம்மை எழுப்புவது உமது திறமை அன்று. உமது உடம்பில் பிறர் பூட்டிவிட்ட கடிகாரம். அதைக் கழற்றவேண்டும் என்றோம்.

கழற்றிவிட்டுத் தூங்குவதா? இல்லை. மெதுவான இடத்தில் இருவகை மெதுவும் உண்டு. ஒன்று, கோப்பு உறங்கும் மெது. அதை நாம் வாழ்த்தமாட்டோம். மற்றொன்று, பொறுப்பு சுமக்கும் மெது. பொட்டலத்தின் மீது நிகர எடையும் விலையும் தெளிவாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ஓர் எண் பிசகினால் அச்சான உறை அத்தனையும் குப்பை. படம் வரைந்த ஏஜென்சி அடுத்த வேலைக்குப் போய்விடும். கம்பெனியோ அந்தப் பிழையோடு குடும்பம் நடத்தவேண்டும். ஐந்து மேசைகளில் நான்கேனும் அதற்காக விழித்திருக்கின்றன.

கம்பெனியின் சொந்தப் பகுதி திறமைக்குச் சுடுகாடு என்ற பேச்சும் வேண்டாம். புகழ்பெற்ற லிண்டாஸ், லீவர் சோப்புக் கம்பெனியின் சொந்த விளம்பரப் பிரிவாக முளைத்ததுதான். 1980இல் அகமதாபாத்தில் முத்ரா ஏஜென்சியைத் தொடங்கிய ஏ.ஜி. கிருஷ்ணமூர்த்தி, அதற்கு முன் ரிலையன்ஸ் துணி ஆலையின் விளம்பரப் பகுதியில் இருந்தவர்தான். நாற்றங்காலைச் சுடுகாடு என்பவர் உழவு அறியாதவர்!

நண்பர் நம் பேச்சை ஏற்றார். படம் மேசைமேசையாகச் சுற்றும் நாட்களில், விற்பனையாளரோடு பெட்டிக்கடைகளுக்குப் போகத் தொடங்கினார். மங்கிய விளக்கொளியில், தாம் வரைந்த சிவப்பு உறையும் பக்கத்துக் கம்பெனி உறையும் ஒன்றுபோலவே தோன்றக் கண்டார். படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி நிறத்தைச் சொல்லிச் சோப்புக் கேட்டதைக் கேட்டார். 11 ஆண்டுகளில் எத்தனையோ உறைகள் வரைந்தவர், அவை கடையில் படும் பாட்டை அப்போதுதான் பார்த்தார். இது மழுங்கலா? தீட்டலா?

இன்னொன்றும் சொன்னோம், சற்றுக் கண்டிப்பாகவே. 10 நாள் வேலையை 2 நாளில் முடித்து மேலாளரிடம் காட்டி மகிழ்கிறீரே, நாளை அந்த 2 நாளே அளவாகிவிடும். உமக்கு மட்டுமா? பக்கத்து நாற்காலிக்காரருக்கும்தான். அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவேண்டியவர். உமது வீரம் அவர் முதுகில் சாட்டையாக விழலாமா? பீஸ் ரேட்டில் உழைத்தவர்கள் அறிந்த பாடம் இது.

மிச்சமாகும் மாலை நேரம் எவரும் இட்ட பிச்சை அன்று. 1886இல் சிகாகோ நகரில் 8 மணி நேர வேலைக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள் குருதி சிந்தினார்கள். 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் ஒப்பந்தமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஆலைகளுக்கு வரம்பு கட்டிற்று. 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். இத்தனை பேர் வாங்கித் தந்த மாலைப்பொழுதை, “எனக்கு வேண்டாம், கை பரபரக்கிறது” என்று திருப்பிக் கொடுப்பதா?

படிக்க நூல் இருக்கிறது. பேச மனைவி மக்கள் இருக்கிறார்கள். கூடச் சங்கம் இருக்கிறது. கற்க, உமது கலையிலேயே கடல் போல் இருக்கிறது. வேலை நேரத்தில் நேர்மையாக உழையுங்கள். நேரம் முடிந்ததும் நிமிர்ந்து எழுந்து நடங்கள்.

ஓடச் சொன்னபோது ஓடினோம், வயிற்றுக்காக. நடக்க வழி கிடைத்தபோது நடக்கக் கற்போம், வாழ்வுக்காக!