ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு

அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் ஆட்டோகிராஸ் போட்டிக்குப் பந்தயத் திடல் வேண்டியதில்லை. விசாலமான ஒரு பார்க்கிங் மைதானமும் ஆரஞ்சு நிறக் கூம்புகளும் போதும். கூம்புகளைச் சாய்க்காமல், ஒருவர் பின் ஒருவராக, குறைந்த நேரத்தில் ஓட்டி முடிக்க வேண்டும். 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா முதல் சிற்றூர்ச் சங்கங்கள் வரை இதை நடத்துகின்றன. போட்டியாளர்களில் பலருக்குப் பந்தயக் காரும் அலுவலகம் போகும் காரும் ஒன்றே. மாலையில் அதே காரில்தான் வீடு திரும்புகிறார்கள். போட்டி முடிந்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பியர் எடுக்கலாமா? இதற்கான விடையை உடலிடம்தான் கேட்க வேண்டும்.

மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். வெறும் வயிறென்றால், ரத்தத்தில் மதுவின் அளவு ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். குடித்துவிட்டு, கூம்புகளை அடுக்கி, கதை பேசி, சாவியைக் கையில் எடுக்கும் நேரமும் அதுதான்.

ரத்தத்தில் மது எவ்வளவு சேரும் என்ற கணக்கைச் சுவீடனின் ஆய்வாளர் எரிக் விட்மார்க் 1920களிலும் 30களிலும் வகுத்தார். மது உடலின் நீரில் கலந்து பரவுகிறது. 5 சதவீத பியர் 355 மில்லியில் சுமார் 14 கிராம் மது உண்டு. அப்படி இரண்டைச் சீக்கிரம் குடித்த 70 கிலோ ஆணின் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் சேரும். 55 கிலோ பெண்ணுக்கு அது 90ஐத் தாண்டலாம். கல்லீரல் அதை மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும். ஆளுக்கு ஆள் இது சற்று மாறும். காபியாலோ குளிர்ந்த நீராலோ மாறாது. மதுவைச் சிதைக்கும் நொதி ஒற்றை வாயில் கொண்ட சுங்கச்சாவடி போன்றது. வரிசை எவ்வளவு நீண்டாலும் அது தன் வேகத்தில்தான் வண்டிகளை விடும். ஆக, அந்த ஆணுக்கு முழுதும் தெளிய நான்கு மணி நேரம், அந்தப் பெண்ணுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும்.

'இப்போது தெளிந்துவிட்டது' என்ற உணர்வையும் நம்ப முடியாது. 1919இல் ஆய்வாளர் எட்வர்ட் மெலன்பி நாய்களிடம் கண்டது இது: ரத்தத்தில் மதுவின் அளவு ஒன்றே ஆனாலும், ஏறும்போது தெரியும் தடுமாற்றம் இறங்கும்போது குறைவாகத் தெரிகிறது. மனிதரிடமும் போதை உணர்வுதான் முதலில் விலகுகிறது. வண்டி ஓட்டத் தேவையான கவனமும் நிதானமும் பின்தங்கியே மீள்கின்றன.

போட்டி நாள் தன் பங்குக்கு இன்னும் சில சுமைகளை ஏற்றுகிறது. வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சாலையின் சாதாரண வேகம் மந்தமாகத் தோன்றும். ஓட்டுநர் அறியாமலேயே மிதியை அழுத்துவார். களைப்பும் சேர்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினர். விடியற்காலையில் எழுந்து, வெயிலில் நின்று, இரவில் நெடுந்தூரம் திரும்புபவர் ஒரு சொட்டும் குடிக்காமலேயே அந்த நிலையை நெருங்குகிறார். அதன் மேல் இரண்டு பியர் ஏறினால் என்ன ஆகும்?

சட்டம் இதற்கு முழுக் காவலாகாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 80 மில்லிகிராம், யூட்டாவில் 50, இந்தியாவில் 30. அந்த 70 கிலோ மனிதர் ஓரிடத்தில் குற்றவாளி, ஓரிடத்தில் நிரபராதி. அவருடைய மூளை எங்கும் ஒன்றே.

ஆகவே என் முடிவு இது: வீடு திரும்பும் பயணம் மிச்சமிருக்கும் இடத்தில் சங்கம் மதுவை அனுமதிக்கக் கூடாது. கொண்டாட்டத்தை விட வேண்டியதில்லை. மைதானத்தில் சூடான உணவும் நிறையத் தண்ணீரும் கொடுக்கலாம். குடிக்க விரும்புவோருக்கு, அன்றிரவு தங்கும் விடுதியில், எல்லாக் கார்களும் நின்ற பிறகு விருந்து வைக்கலாம். வண்டியைக் கட்டுப்படுத்தும் கலையைக் கற்றுத்தரும் சங்கம், எப்போது ஓட்டக் கூடாது என்பதையும் அதே அக்கறையோடு கற்றுத்தர வேண்டும்.