அயல்மொழியும் மறுமொழியும்

ஒரு மொழியை அறிவது வேறு. அம்மொழியில் பேசுவது வேறு. நீந்தும் முறையை நூலில் படித்தவன், ஆற்றில் இறங்கியவுடன் நீந்திவிடுவதில்லை. அவன் கையும் காலும் நீரில் பழகவேண்டும். அதுபோலவே, அயல்மொழி கற்பவனுக்கு நாவும் செவியும் பழகவேண்டும். இணையவழியாக ஆங்கிலம் கற்கும்போது இப்பழக்கம் எவ்வாறு தடைப்படுகிறது, அத்தடையை எவ்வாறு நீக்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனா என்னும் கொள்ளைநோயின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மேல்வகுப்பு மாணவர்களுக்காக அவை இடையிடையே திறக்கப்பட்டன. ஆனால், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் வகுப்பறையில் கூடினர். அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பலருக்கு வகுப்பறையாயின. வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி. அதனையும் தந்தை வேலைக்குச் செல்லும்போது எடுத்துச் சென்றுவிடுவார். அலைத்தொடர்பு கிடைக்கும் இடம் தேடி மொட்டைமாடியிலும் மேட்டு நிலத்திலும் அமர்ந்து படித்த மாணவர் பலர். கைப்பேசியே இல்லாத இல்லங்களும் இருந்தன.

இவ்விடர்கள் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானவை. ஆங்கிலப் பாடத்துக்கோ இவற்றோடு வேறு சில இடர்களும் சேர்ந்தன. நல்ல கருவி அமைந்த வீட்டிலும் அவை நீங்கவில்லை.

முதலாவது இடர் ஒலியைப் பற்றியது. ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. ஆதலின், எழுத்தைப் பார்த்து ஒலியை அறிவது அரிது. பேசுவோர் வாயிலிருந்து கேட்டே அறியவேண்டும். மேற்குத் திசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘வெஸ்ட்’ என்று எழுதுகிறோம். கையில்லாத உட்சட்டையைக் குறிக்கும் சொல்லையும் அவ்வாறே எழுதுகிறோம். ஆங்கிலேயர் செவிக்கு அவை இருவேறு சொற்கள். சட்டையைக் குறிக்கும் சொல்லின் முதலொலி பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது. தொல்காப்பியர் பிறப்பியலில் நம் வகரத்துக்குக் கூறும் இடமும் அதுவே. திசையைக் குறிக்கும் சொல்லுக்கோ இதழ்கள் இரண்டும் குவியவேண்டும்; அங்குப் பல் படலாகாது. இவ்வேறுபாட்டைச் செவி மட்டும் உணர்த்தாது. ஆசிரியரின் இதழைக் கண்ணும் காணவேண்டும்.

கண்ணும் கேட்கும் என்பது வியப்பாக இருக்கலாம். மெக்கர்க்கு, மெக்டொனால்டு என்னும் அறிஞர் இருவர் 1976ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தனர். ‘ப’ போன்ற ஒலியை ஒலிக்கச் செய்து, ‘க’ போன்ற ஒலியைக் கூறும் முகத்தைத் திரையில் காட்டினர். கேட்டவருள் பலர், அவ்விரண்டும் அல்லாத ‘த’ போன்ற ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர்! படம் உறைந்து நின்றாலோ, ஆசிரியர் முகம் நெல்மணி அளவாகச் சுருங்கினாலோ, கண்ணின் துணை கற்பவனுக்கு இல்லாமற் போகிறது.

செவியின் துணையும் சில வேளைகளில் குறைகிறது. பழைய தொலைபேசி, நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 வரையுள்ள அதிர்வுகளையே கடத்தியது. ‘எஸ்’ என்னும் எழுத்தின் சீறொலியில் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு மேலே உள்ளது. ஆதலின், தொலைபேசியில் ‘எஸ்’ எது, ‘எஃப்’ எது என்று அறியமுடியாமல் மக்கள் இடர்ப்பட்டனர். இன்றைய கருவிகள் இதனினும் அகன்ற எல்லை உடையன. எனினும், தொடர்பு நலிந்தால் அவற்றிலும் ஒலி தேய்கிறது. தாய்மொழியில் தேய்ந்த ஒலியைப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறோம். அயல்மொழியில் நிரப்புவதற்கு நம்மிடம் பழக்கம் இல்லையே!

இரண்டாவது இடர் காலத்தாழ்வு. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருவர் வினவி முடித்ததும் மற்றவர் விடை தொடங்கச் சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கே ஆகிறது என்று அது காட்டியது. இணையத்தில் ஒலி சென்று சேர்வதற்கே சிறிது நேரம் ஆகிறது. அதனால் இருவர் ஒரே வேளையில் பேசத் தொடங்குகின்றனர். பின்னர், இருவரும் ஒரே வேளையில் நிறுத்திவிடுகின்றனர். வகுப்பறையில் நாற்பது பேர் ஒரே குரலாகப் பாடத்தைச் சேர்ந்து படிப்பதுண்டு. தனியே பேச நாணும் பிள்ளையும் அக்குரலில் கலந்து நாவைப் பழக்கிக்கொள்ளும். இணையத்தில் நாற்பது குரல்களும் வெவ்வேறு கணங்களில் வந்து சேர்வதால், சேர்ந்து படித்தல் இயலாததாகிறது. எனவே, ஆசிரியர் அனைவருடைய ஒலிவாங்கிகளையும் அடைத்துவிடுகிறார். அமைதி நிலவுகிறது, நாவோ பழகவில்லை.

இவ்வமைதியே மூன்றாவது இடர். பெரிய இடரும் அதுவே. மாணவன் நாள்தோறும் ஆங்கிலம் கேட்கிறான், பாடம் விளங்குகிறது, தேர்விலும் மதிப்பெண் பெறுகிறான். ஆயினும், ஓர் ஐயத்தை ஆங்கிலத்தில் வினவுமாறு கூறினால் தலை கவிழ்கிறான். அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். அவனுக்கு மறுமொழி கூறுவார் ஒருவர் இல்லாமையே குறை.

மறுமொழியின் ஆற்றலை இரண்டு ஆய்வுகள் விளக்குகின்றன. பாட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், அமெரிக்காவில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோரை 12 முறை நேரில் பேசி விளையாடச் செய்தனர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றன. அதே பேச்சைப் படமாகக் கண்ட குழந்தைகளோ, ஒலியாக மட்டும் கேட்ட குழந்தைகளோ அத்திறனைப் பெறவில்லை. இம்முடிவு 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. திரையே குற்றவாளி என்று இதனைக் கொண்டு தீர்ப்பளித்துவிடலாமா? 2014ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு அத்தீர்ப்பைத் தடுக்கிறது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள், திரையில் தோன்றியவர் தமக்கு உடனுக்குடன் மறுமொழி கூறியபோது, நேரில் கற்றது போலவே புதிய சொற்களைக் கற்றன. முன்பே எடுத்த படத்திலிருந்து கற்கவில்லை. நீங்கள் கைக்குழந்தைகள் அல்லீர். படத்தைப் பார்த்தும் பலவற்றைக் கற்கவல்லீர். எனினும், மொழி என்பது இருவருக்கிடையே நிகழ்வது என்னும் உண்மை எல்லா வயதினருக்கும் பொருந்தும்.

இவ்வுண்மையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவன் அடைவது காற்பங்கே என்று கூறுகிறார். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும். இணையம் முதற்காற்பங்கை வாரி வழங்குகிறது. எஞ்சிய முக்காற்பங்கு தானே வந்து சேர்வதில்லை. அதனை நாம்தான் தேடிக்கொள்ளவேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கேட்ட பாடத்தை நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கச் சொல்லுங்கள். உங்கள் குரலைப் பதிவுசெய்து, ஆசிரியர் குரலோடு ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியை நாடுமுன், வாக்கியத்தை நீங்களே அமைத்துப் பாருங்கள். தோழர் ஒருவரோடு நாளும் பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே உரையாடுங்கள். பிழை நேர்ந்தால் நகைத்தல் கூடாது என்பதை உங்களுக்குள் உறுதியாக வகுத்துக்கொள்ளுங்கள். நகைப்புக்கு அஞ்சிய நா பேசாது. இறுதியாக, அன்று கற்றதைத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுங்கள். பவணந்தியார் கூறிய அரைப்பங்கு அங்கேதான் இருக்கிறது.

உலகின் எத்திசையிலிருந்தும் ஆங்கிலக் குரலை இன்று நம் வீட்டுத் திண்ணைக்கே இணையம் கொண்டுவந்து தருகிறது. அக்குரலைக் கேட்டு வாளா இருப்பின் நாம் என்றும் கேட்போரே ஆவோம். பிழையாயினும் மறுமொழி கூறத் தொடங்கும் நாளிலேயே அயல்மொழி நமக்குப் பழகிய மொழியாகத் தொடங்கும்.